கயாக் படகுக்குத் தேக்கா, மலைவேம்பா?

பென்னாகரத்தான்:
இடித்த எங்கள் பழைய வீட்டின் தேக்கு உத்தரங்கள் நான்கு இருக்கின்றன. அவற்றை 6 மில்லிமீட்டர் பட்டைகளாக அறுத்து, 5 மீட்டர் நீளக் கயாக் (ஒருவர் அமர்ந்து துடுப்பால் வலிக்கும் ஒடுங்கிய படகு) ஒன்றையும் துடுப்பையும் வீட்டிலேயே செய்ய எண்ணியிருக்கிறேன். அறுவை மில்காரரோ மலைவேம்பே போதும் என்கிறார். எது சரி?

காவேரிப்பட்டணம் தச்சர்:
தேக்கை விடாதீர்கள், தம்பி. நனைந்து காய்ந்து, மறுபடி நனையும் வேலைக்கு வைரம் பாய்ந்த தேக்கைப் போல் முறுக்காமல் நிற்கும் மரம் அரிது. மலைவேம்பு ஏழெட்டு ஆண்டுகளில் பிளைவுட் ஆலைக்குப் போய்விடுகிறது. அதில் வைரம் ஏது?

ஓசூர் பொறியாளர்:
ஐயா சொல்வது நிலைக்கும் கதவுக்கும் முழுக்கப் பொருந்தும். ஆனால் பட்டை ஒட்டிச் செய்யும் கயாக்கில், உள்ளும் புறமும் கண்ணாடி இழைத் துணி விரித்து எபாக்சி என்ற இறுகும் பிசினைப் பூசிவிடுவதால், மரத்தைத் தண்ணீர் தொடுவதே இல்லை. விசையைப் பெரிதும் தாங்குபவை உள்ளும் புறமும் தோல்போல் இறுகும் அந்த இரண்டு பூச்சுகளே. நடுவிலுள்ள மரம் அவற்றை விலக்கி நிறுத்துகிறது. அதனால்தான் மேல்நாட்டில் கன மீட்டருக்கு 380 கிலோ அளவே உள்ள சிவப்பு சீடர் மரத்தைத் தேடுகிறார்கள். இந்தப் படகில் பட்டையாக நிற்கும் மரம் ஏறத்தாழ ஒரு கன அடி. தேக்கில் அது 18 கிலோ, மலைவேம்பில் 12 கிலோ. அணைக்கரையில் தனியாகத் தோளில் தூக்கிச் செல்பவருக்கு அந்த 6 கிலோ பெரிய பாரம்.

காவேரிப்பட்டணம் தச்சர்:
தோல் கிழியாதவரை உங்கள் கணக்கு சரி. ஒகேனக்கல் பாறையில் ஒருமுறை உரசினால் என்ன ஆகும்? உள்ளே புகுந்த ஈரம், மேல்பூச்சு மூடியிருப்பதால் வெளியேற வழியின்றி, மென்மரத்தைக் கறுக்க வைத்து மக்கச் செய்துவிடும்.

ஓசூர் பொறியாளர்:
அது நியாயமான அச்சம். கீறலை அன்றே உலர்த்தி அடைக்க வேண்டும். பாறை உரசும் அடிநடுவில் மட்டும் தேக்குப் பட்டை வைக்கலாம். ஆனால் தேக்கின் எண்ணெய் பசையைப் பிடிக்க விடாது. ஒட்டுவதற்குச் சற்றுமுன் அசிட்டோன் என்ற கரைப்பானால் துடைத்தே ஆக வேண்டும்.

காவேரிப்பட்டணம் தச்சர்:
அடிநடுவுக்கு ஒப்புகிறேன். துடுப்புத் தண்டுக்கு எந்த மரமானாலும், முனையில் ஒரு துண்டை அறுத்து உளியால் பிளந்து பாருங்கள், தம்பி. பிளவு நேராக ஓடாமல் பக்கவாட்டில் விலகினால், அந்தக் கட்டையில் செய்த தண்டு அழுத்தி வலிக்கும்போது அதே வழியில் முறியும்.

பென்னாகரத்தான்:
இரண்டு தேக்குத் துண்டுகளைத் துடைத்து ஒட்டியிருக்கிறேன். ஒரு வாரம் தண்ணீரில் ஊறவைத்து உடைத்த பின், மரம் பிளந்ததா, பசை விட்டதா என்று படத்துடன் எழுதுகிறேன்.