வேலையில் அடிபட்டவர்களின் ஓப்பியாய்டு கணக்கு: க்யூர்ஸ் அறிக்கை பார்ப்பவர்கள் உதவுங்கள்

வணக்கம். கலிஃபோர்னியாவில் வேலையில் அடிபட்டு வருவோருக்கு வலி மருத்துவம் பார்க்கும் கிளினிக்குக்காக ஒரு சரிபார்ப்பு முறை எழுதுகிறோம். முதல் மருந்துச் சீட்டுக்கு முன்னும், தொடர்ந்தால் 6 மாதத்துக்கு ஒரு முறையாவதும் க்யூர்ஸ் (கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள் யாருக்கு வழங்கப்பட்டன என்று காட்டும் மாநிலப் பதிவேடு) பார்க்கச் சொல்கிறது சட்டம். அது ரொம்பத் தளர்வு. ஒவ்வொரு சீட்டுக்கும் பார்ப்பது என்று வைத்திருக்கிறோம்.

இடிப்பது கணக்கில்தான். ஓப்பியாய்டு எனும் வலுவான வலி மருந்துகளை, ஒவ்வொன்றுக்கும் உரிய பெருக்கெண்ணால் மார்ஃபின் அளவுக்கு மாற்றிக் கூட்டுகிறோம். ஆக்ஸிகோடோன் 10 மி.கி. நாளுக்கு நான்கு என்றால் 40 × 1.5 = 60 மி.கி. மார்ஃபினுக்குச் சமம். கூடவே டிரமடால் 50 மி.கி. நான்கு வேளை, மொத்தம் 200 மி.கி. டிரமடாலுக்கு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் பழைய பெருக்கெண் 0.1, 2022 வழிகாட்டுதலில் 0.2. ஒன்றில் கூட்டுத்தொகை 80, மற்றதில் 100. அதே ஆள், அதே மாத்திரை! நாளுக்கு 90 மி.கி. மார்ஃபின் அளவை எச்சரிக்கைக் கோடாக வைத்தால் பதிலே மாறிவிடுகிறது.

இன்னொன்று: 30 நாள் மருந்து தீர 3 நாள் இருக்கும்போதே அடுத்ததை வாங்கினால், அந்த 3 நாளும் மருந்தளவு இரட்டிப்பாகக் காட்டக்கூடும். நோயாளி கூடுதலாக விழுங்கினார் என்று அதற்கு அர்த்தமில்லை.

காப்பீட்டு அட்ஜஸ்டரிடம் (இழப்பீட்டுக் கோரிக்கையைக் கவனிக்கும் காப்பீட்டு அலுவலர்) இருப்பது அவர்கள் பணம் கொடுத்த மருந்துகளின் பட்டியல் மட்டும். குடும்ப மருத்துவர் எழுதி, கைக்காசு கொடுத்து வாங்கிய அல்பிரசோலம் (பதற்றத்துக்கான மருந்து) அதில் வராது, க்யூர்ஸில் வரும். அட்ஜஸ்டர்களோ நேரடியாக க்யூர்ஸுக்குள் போக முடியாது.

உங்கள் மென்பொருளில் டிரமடாலுக்கு எந்தப் பெருக்கெண்? முன்கூட்டி வாங்கிய நாள்களை எப்படிக் கழிக்கிறீர்கள்? அட்ஜஸ்டருக்கு அனுப்பும் குறிப்பில் க்யூர்ஸ் விவரத்தை எந்த அளவு எழுதுகிறீர்கள்? மாதிரிப் படிவம் இருந்தால், நோயாளி விவரங்களை நீக்கிவிட்டுப் பகிருங்கள்.