நோலியா, பாசியோனா: பிலிப்பைன்ஸின் தேசியக் கதை எது?

வடகரை:

பிலிப்பைன்ஸ் கதை என்றதும் பேச்சு ஸ்பானிய ஆட்சிக் காலத்து எழுத்தாளர் ஹோசே ரிசாலில் தொடங்கி ரிசாலிலேயே நின்றுவிடுகிறது. 1887-ல் பெர்லினில் அச்சான 'நோலி மே தாங்கெரே', 1891-ல் கெண்ட் நகரில் அச்சான அதன் தொடர்ச்சி 'எல் ஃபிலிபுஸ்டெரிஸ்மோ' (சுருக்கமாக ஃபிலி), இந்த இரண்டு நாவல்களால்தான் அங்கே தேசம் என்ற உணர்வே பிறந்தது என்கிறார்கள். புதிதாகப் படிக்க வருகிறவர் கையிலும் முதலில் நோலியைத்தான் கொடுக்கிறோம். அது தவறு என்கிறேன்.

நோலி ஸ்பானிய மொழியில் எழுதப்பட்டது. தீவுகளில் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் சிறு கூட்டம். அச்சானது 2,000 பிரதி. அதற்கான 300 பெசோவை மாக்சிமோ வியோலா என்ற நண்பர் கடனாகக் கொடுத்தார். மணிலாவுக்குள் ஒளித்துக் கொண்டுவந்த பிரதிகள் 'இலுஸ்த்ராதோ' எனப்பட்ட படித்த, வசதியான வீடுகளுக்குத்தான் போய்ச் சேர்ந்தன. வயலில் நின்றவன் கையில் புத்தகம் இல்லை. அவன் வாயில் இருந்தது பாசியோன். கிறிஸ்துவின் பாடுகளைப் புனித வாரத்தில் விடிய விடியப் பாடும் காவியம், உள்ளூர் மொழியான தகாலோக்கில். கலகத்துக்குப் போன குடியானவன் தன் துன்பத்தையும் விடுதலையையும் அந்தப் பாட்டின் சொற்களில்தான் புரிந்துகொண்டான் என்று வரலாற்றாசிரியர் ரேனால்டோ இலேத்தோ 1979-ல் விரிவாகக் காட்டினார்.

ரிசாலுக்குத் தேசிய வீரர் என்ற பட்டத்தை ஊட்டி வளர்த்தது, ஸ்பெயினுக்குப் பிறகு வந்த அமெரிக்க ஆட்சி. 1901-ல் அவர் பெயரில் ஒரு மாகாணம் அமைத்தார்கள். அதே ஆண்டில்தான் சுதந்திரம் கேட்பவரைச் சிறைக்கு அனுப்பும் 292-ஆம் எண் ராஜத்துரோகச் சட்டமும் வந்தது. ஆயுதப் புரட்சியை ஏற்காத நாயகன் ஆள்பவருக்கு வசதி என்று வரலாற்றாசிரியர் ரெனாட்டோ கான்ஸ்டன்டினோ 1969-ல் எழுதியதற்கு இன்றுவரை சரியான பதில் வரவில்லை.

செங்காந்தள்:

மொழி பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். அமெரிக்கர் பற்றிச் சொன்னது காலக்கணக்கிலேயே இடிக்கிறது. அவர்கள் ஆட்சி வேரூன்றும் முன்பே, 1898 டிசம்பரில், புரட்சி அரசின் தலைவர் எமிலியோ அகினால்டோ ரிசால் சுட்டுக்கொல்லப்பட்ட டிசம்பர் 30-ஐத் துக்க நாளாக அறிவித்துவிட்டார். அதற்கும் முன்னால், 1892 ஜூலை 7 அன்று தொடங்கிய கத்திபுனான் என்ற ரகசிய இயக்கம் ரிசாலின் பெயரையே தங்களுக்குள் அடையாளச் சொல்லாக வைத்திருந்தது. அதை நிறுவிய ஆந்த்ரேஸ் போனிஃபாசியோ பெரிய வீட்டுப் பிள்ளை அல்ல, கிடங்கில் வேலை பார்த்தவர். ரிசாலின் கடைசிக் கவிதையைத் தகாலோக்கில் பெயர்த்தவரும் அவர்தான். படித்தவர்கள் சிலர் என்பது உண்மை. கேட்டவர்கள் சிலர் அல்ல.

நாவலுக்குள் யார் இருக்கிறார்கள் என்றும் பாருங்கள். 15-ஆம் அத்தியாயம், கோயில் மணிக்கூண்டு. மணியடிக்கும் இரண்டு பையன்கள்: பசிலியோவுக்குப் பத்து வயது, கிறிஸ்பினுக்கு ஏழு. சின்னவன் இரண்டு ஓன்சா தங்கக்காசு திருடிவிட்டான் என்று பழி. அது எவ்வளவு என்று அண்ணனிடம் கேட்கிறான். முப்பத்திரண்டு பெசோ. பையனுக்குப் புரியவில்லை, விரல் விட்டு எண்ணுகிறான்: ஆறு கை, இரண்டு விரல், ஒவ்வொரு விரலும் ஒரு பெசோ. அவர்கள் சம்பளம் மாதம் இரண்டு பெசோ, அதிலும் அபராதப் பிடித்தம் உண்டு. ஒரு காசும் செலவழிக்காமல் பதினாறு மாதம் மணியடித்தால்தான் செய்யாத திருட்டுக்கு ஈடு கட்ட முடியும். காலனிய அநீதி என்று நாம் பெரிய சொல்லாகச் சொல்வதை ஒரு குழந்தையின் விரல்களில் வைத்துக் காட்டிவிட்டார். இதை இலுஸ்த்ராதோ கதை என்று எப்படி ஒதுக்குவீர்கள்?

வடகரை:

அந்த அத்தியாயம் என்னையும் உலுக்கியதுதான். ஆனால் அடுத்து என்ன ஆகிறது? கிறிஸ்பின் காணாமல் போகிறான். அவன் தாய் சீசாவுக்குப் புத்தி பேதலிக்கிறது, பிறகு சாகிறாள். ஏழைகளுக்காகப் பேசும் எலியாஸ் சாகிறான். உயிரோடு மிஞ்சுவது யார்? ஐரோப்பாவில் படித்துவிட்டு வந்த பணக்கார இபாரா. ஏழை இந்த நாவலில் கண்ணீர் வரவழைக்கிறான்; எதையும் தீர்மானிப்பதில்லை. ரிசாலும் 1896 டிசம்பர் 15 அன்று சிறையிலிருந்து எழுதிய அறிக்கையில் போனிஃபாசியோவின் எழுச்சியைக் கண்டித்தார். எழுத்தும் வாழ்க்கையும் ஒன்றையேதான் சொல்கின்றன.

செங்காந்தள்:

அந்த அறிக்கையை ஸ்பானிய அரசு வெளியிடவே இல்லை. ஏன் என்று கேளுங்கள். அதைப் பார்த்த ராணுவச் சட்ட அதிகாரி, இந்த ஆள் இப்போதைய எழுச்சியைத்தான் குறை சொல்கிறார், பிரிந்துபோகும் எண்ணத்தைக் கைவிடவில்லை என்று கண்டு, வெளியிட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எதிரி கவனித்துப் படித்த அளவுக்குக்கூட நாம் படிப்பதில்லை.

எலியாஸ் பற்றி. அவனைக் கொன்றதற்குப் பதில் இபாராவைக் கொன்றிருக்கலாம் என்று ரிசாலே பின்னால் ஒரு கடிதத்தில் வருந்தினார். நோலி எழுதியபோது உடம்பு சரியில்லை, தொடர்ச்சி எழுதுவோம் என்ற நம்பிக்கையே இல்லை என்றார். நாவலிலும் யார் பக்கம் நியாயம் என்பது ஓரிடத்தில் நிற்பதில்லை. 49-ஆம் அத்தியாயத்தில் எலியாஸ், குவார்டியா சிவில் காவல்படையின் அதிகாரத்தைக் குறைக்க வேண்டும், மனிதனுக்கு மரியாதையும் பாதுகாப்பும் வேண்டும் என்கிறான். இபாரா அந்தப் படையை வேண்டியிருக்கிற தீமை என்று தாங்கிப் பேசுகிறான். 61-ஆம் அத்தியாயத்தில் ஏரிப் படகில் எல்லாம் தலைகீழ். எல்லாவற்றையும் இழந்த இபாரா கலகம் வேண்டும் என்கிறான். எலியாஸ் அப்பாவிகள் சாவார்களே என்று தடுக்கிறான். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். இது ஒரு வர்க்கத்தின் தீர்ப்பு அல்ல, முடியாத வழக்கு.

ஏழை தீர்மானிப்பதில்லை என்றீர்கள். ஃபிலியின் 4-ஆம் அத்தியாயத்தில் காபெசாங் தாலேஸ் காட்டை வெட்டித் திருத்துகிறான். விளைச்சல் வந்ததும் துறவு சபை ஒன்று நிலம் எங்களுடையது என்று வருகிறது. வருடக் குத்தகை இருபது முப்பது பெசோவில் தொடங்கி இருநூறு வரை ஏறுகிறது. வழக்காடித் தோற்கிறான். பிறகு துப்பாக்கியோடு காட்டுக்குப் போகிறான். இது கற்பனையில் முளைத்ததும் அல்ல. ரிசால் குடும்பமே கலம்பாவில் டொமினிக்கன் சபை நிலத்துக் குத்தகைக்காரர்கள். ஃபிலி அச்சாவதற்குச் சற்று முன், 1890-91-ல், வழக்காடிய குடும்பங்களைப் படையை வைத்து வெளியேற்றினார்கள்.

ஏடு:

இருவரும் ஒரே புத்தகத்தைப் படித்தீர்களா என்பதே எனக்குச் சந்தேகம். குறை உங்களிடம் இல்லை, பதிப்புகளிடம். நோலியை ஆங்கிலம் வழியாகத்தான் நம்மில் பெரும்பாலோர் படிக்கிறோம். எந்த ஆங்கிலம் என்பதில்தான் பாதி சண்டை இருக்கிறது.

1961-ல் வந்த லெயோன் மரியா கெர்ரெரோவின் மொழிபெயர்ப்பு சரளமாக ஓடும், அதனாலேயே பரவியது. அதில் என்ன போயிற்று என்று தேசியம் பற்றி எழுதிய ஆய்வாளர் பெனடிக்ட் ஆண்டர்சன் வரி வரியாகக் காட்டியிருக்கிறார். மூலத்தின் முதல் பக்கத்தில் கதைசொல்லி வாசகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறார்: வீடு ஆன்லோகே தெருவில் இருக்கிறது, நிலநடுக்கம் இடித்திருக்காவிட்டால் நீங்களே கண்டுபிடித்துவிடலாம் என்கிற தோரணை. 'உனக்கும் எனக்கும் தெரிந்த ஊர்' என்ற அந்த நெருக்கம்தான் தேசம் என்ற உணர்வின் விதை. கெர்ரெரோ அதை இறந்தகால விவரணையாக மாற்றினார், வாசகனை வெளியே தள்ளினார், தகாலோக் சொற்களை உருவினார். சார்லஸ் டெர்பிஷயரின் 1912 மொழிபெயர்ப்பு நடையில் பழசு, ஆனால் இந்த வேலையைச் செய்யவில்லை. லாக்சன்-லொக்சின் 1996-லும் ஆகென்பிராம் 2006-லும் ஸ்பானியத்திலிருந்தே செய்தவை. முதல் அத்தியாயத்தை மட்டும் இரண்டு பதிப்புகளில் பக்கத்தில் பக்கம் வைத்துப் பாருங்கள், வேறுபாடு தானே தெரியும்.

தமிழில் செய்பவர் சறுக்கும் இடங்கள் வேறு. 'இந்தியோ' என்பது தீவின் பழங்குடி மக்களை ஸ்பானியர் இளக்காரமாக அழைத்த சொல். அதை 'இந்தியன்' என்று போட்டால் நம் வாசகர் இந்தியாவை நினைப்பார். 'இந்தியோ' என்றே விடுங்கள். 'ஃபிலிபினோ' என்ற சொல்லோ முதலில் தீவில் பிறந்த ஸ்பானியருக்கு உரியது. அது மெல்ல எல்லோருக்கும் உரிய பெயராக மாறுகிற காலத்தில்தான் ரிசால் எழுதுகிறார். எல்லா இடத்திலும் இன்றைய பொருளில் 'பிலிப்பைன்ஸ்காரர்' என்று நிரப்பினால் அந்த மாற்றமே அழிந்துபோகும்.

இதைவிடப் பெரிய பிழை, எல்லாரையும் 'பாதிரியார்' ஆக்குவது. தாமாசோவும் சல்வியும் பிரான்சிஸ்கன், சிபிலா டொமினிக்கன். மூவரும் துறவு சபையினர். ஃபிலியின் ஃப்ளோரென்டினோ உள்ளூரில் பிறந்த மறைமாவட்டக் குரு, எந்தத் துறவு சபையையும் சேராதவர். பங்குக் கோயில்கள் யாருக்கு என்ற சண்டையே இந்த இரு தரப்புக்கும் இடையில்தான். 1872 பிப்ரவரி 17 அன்று கழுத்து நெரித்துக் கொல்லப்பட்ட கோமேஸ், பூர்கோஸ், சமோரா மூவரும் மறைமாவட்டக் குருக்கள். ஃபிலி அவர்களுக்குத்தான் சமர்ப்பணம். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் நாவல் வெறும் மதவெறுப்பு நூல் போல ஆகிவிடும்.

'ஃபிலிபுஸ்டெரோ' பற்றியும் ஒரு சொல். அகராதியில் கடற்கொள்ளையன் என்று இருக்கும். அமெரிக்க நாடாளுமன்றத்தில் பேசியே நேரம் கடத்துவதற்கும் இதே சொல்தான். இங்கே அதன் பொருள் அரசு கழுத்தில் சுருக்கு மாட்டத் தேர்ந்தெடுத்தவன், அவ்வளவே. 1872-ல்தான் அந்தச் சொல்லை முதலில் கேட்டதாகவும், வீட்டில் அதை உச்சரிக்கவே தடை இருந்ததாகவும் ரிசால் நண்பர் ஒருவருக்கு எழுதியிருக்கிறார்.

சாப்பாட்டையும் மாற்றாதீர்கள். 3-ஆம் அத்தியாய விருந்தில் தினோலா என்ற கோழிச்சாறு பரிமாறுகிறார்கள். விருந்தாளி இபாராவுக்கு நல்ல துண்டுகள், தாமாசோவுக்குக் கழுத்தும் முற்றிய இறக்கையும். அவர் முகம் போகிற போக்கில் கதையின் பகை தொடங்கிவிடுகிறது. 'சூப்' என்று எழுதினால் கழுத்தும் இறக்கையும் எங்கிருந்து வரும்?

கூத்தன்:

நான் வடகரை பக்கம், ஆனால் அவர் பாதி ஆதாரத்தைத்தான் எடுத்து வைத்தார். பாசியோன் மட்டுமல்ல. கவிஞர் பலாக்தாஸின் தகாலோக் காவியம் 'ஃப்ளோரந்தே அத் லாவ்ரா' 1838. 399 பாடல்கள், ஒவ்வொன்றும் நான்கடி, அடிக்குப் பன்னிரண்டு அசை, ஆறாவது அசையில் மூச்சு நிற்கும், நான்கடிக்கும் ஒரே இயைபு. படிக்கத் தெரியாதவர் காதிலும் தங்கும் அமைப்பு. கதை அல்பேனியாவில் நடக்கிறது; தணிக்கை இருந்த காலத்தில் அந்தத் தூரம்தான் கவசம். காட்டில் கட்டிப்போடப்பட்டவன் தன் நாட்டின் உள்ளும் புறமும் துரோகமே அரசாள்கிறது என்று புலம்பும்போது அது எந்த நாடு என்று கேட்பவருக்குத் தெரியும். அவனைக் காப்பாற்றுவது ஒரு முஸ்லிம் வீரன். மேடைகளில் முஸ்லிமைத் தோற்கடித்து மதம் மாற்றுவதே வழக்கமாக இருந்த காலம் அது. புரட்சித் தலைவர்களில் ஒருவரான மாபினியை அமெரிக்கர் குவாம் தீவுக்கு நாடுகடத்தியபோது இதை நினைவிலிருந்தே முழுதாக எழுதினார். எந்த நாவலை அப்படி எழுத முடியும்?

அமெரிக்கர் காலத்து நாடகங்களைப் பாருங்கள். 1903-ல் அவ்ரேலியோ தோலென்டினோவின் 'நேற்று, இன்று, நாளை'. பாத்திரப் பெயர்களே போதும்: நாடு 'இனாங்பாயான்', அதாவது தாய்நாடு, ஸ்பெயின் 'கண் திறந்திருந்தும் குருடன்', அமெரிக்கா 'புதிதாய் முளைத்தவன்'. மேடையில் அமெரிக்கக் கொடி அவமதிக்கப்பட்டது, தோலென்டினோ சிறைக்குப் போனார். இந்த வகை நாடகங்களில் இன்னொரு உத்தி உண்டு. வெவ்வேறு நிற உடையில் நடிகர்கள் சும்மா நடப்பது போல வந்து, ஒரு கணம் வரிசையாக நின்றால் தடைசெய்யப்பட்ட புரட்சிக் கொடி உருவாகும், கூட்டம் ஆர்ப்பரிக்கும், போலீஸ் நெருங்கும் முன் கலைந்துவிடுவார்கள். பிரதியில் ஒரு வரிகூட இருக்காது, தணிக்கைக்கு எதுவும் சிக்காது. மக்கள் தங்கள் தேசத்தைக் கண்ணால் பார்த்தது அங்கேதான்.

செங்காந்தள்:

அந்தக் கொடி உத்தி அருமை, மறுக்கவில்லை. ஆனால் ஃப்ளோரந்தேயில் எதிரி ஒரு துரோகி. அவன் ஒழிந்தால் நாடு சீராகிவிடும். நோலியில் எதிரி ஒரு ஆள் அல்ல. தாமாசோவை மாற்றினால் சல்வி வருகிறார். வரி, பங்கு, காவல்படை, குத்தகை எல்லாம் ஒன்றையொன்று தாங்கிப் பிடிக்கும் ஏற்பாடு. அந்த முழு ஏற்பாட்டையும் வெளிச்சத்தில் வைக்க நாவல் என்ற வடிவம் வேண்டியிருந்தது. பாட்டால் அது ஆகவில்லை.

வடகரை:

இதை ஏற்கிறேன். கலம்பா விவரத்தையும் நான் போதுமான அளவு கணக்கில் எடுக்கவில்லை.

ஆனால் 'எல்லோருக்கும் தெரிந்த கதை' என்ற நிலை எப்படி வந்தது? 1956-ல் செனட்டர் கிளாரோ ரெக்டோ முன்னின்று கொண்டுவந்த குடியரசுச் சட்டம் 1425. எல்லாப் பள்ளி கல்லூரிகளிலும் ரிசால் கட்டாயம், கல்லூரியில் வெட்டாத முழுப் பிரதி வேண்டும், மலிவுப் பதிப்பும் மொழிபெயர்ப்பும் கொண்டுவர 3,00,000 பெசோ. கத்தோலிக்கத் திருச்சபை கடுமையாக எதிர்த்ததால் ஒரு விலக்கு நுழைந்தது: மத நம்பிக்கை காரணமாக முழுப் பிரதியைப் படிக்க மாட்டேன் என்று சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுக்கலாம், பாடத்திலிருந்து மட்டும் தப்ப முடியாது. சட்டம் போட்டுப் படிக்க வைக்க வேண்டியிருந்தது.

ஏடு:

சட்டம் வந்ததே, எதிர்ப்பு அவ்வளவு வலுவாக இருந்ததால்தான். எழுபது வருடம் கழித்தும் குருமார் ஒரு நாவலுக்கு அஞ்சினார்கள் என்றால் அது செத்த புத்தகம் இல்லை. உண்மையான சிக்கல் வகுப்பறையில் இருக்கிறது. ஃப்ளோரந்தே எட்டாம் வகுப்பு, நோலி ஒன்பது, ஃபிலி பத்து. பிள்ளைகள் கைக்குப் பெரும்பாலும் வருவது சுருக்கப் பதிப்பு. சுருக்கும்போது முதலில் போவது 49 போன்ற வாக்குவாத அத்தியாயங்கள். மிஞ்சுவது இபாராவின் காதலி மரியா கிளாராவின் காதலும் கண்ணீரும். அவள் தாமாசோவின் மகள் என்ற கசப்பைக்கூட மறந்து, நாட்டுப் பெண்ணின் இலட்சியம் என்று அவளைப் பொம்மையாக்கி வைத்திருக்கிறார்கள்.

மொழிக் கேள்விக்கு ரிசாலும் தப்பவில்லை. ஃபிலிக்குப் பிறகு மூன்றாவது நாவலைத் தகாலோக்கில் தொடங்கினார். சில பக்கங்கள் ஓடியது. பிறகு ஸ்பானியத்துக்கே திரும்பி, முடிக்காமல் விட்டுவிட்டார்.

வடகரை:

அந்தச் சில பக்கங்கள்தான் என் வாதம் முழுவதும். அவருக்கே அந்தக் குறை உறுத்தியிருக்கிறது.

புதிதாக வருகிறவருக்கு நான் இப்போதும் ஃப்ளோரந்தேயைத்தான் முதலில் கொடுப்பேன். அடுத்தது நோலி, முதல் பக்கத்திலிருந்து அல்ல, மணிக்கூண்டிலிருந்து. 15, 16, 17, 21 என்று சீசாவும் பிள்ளைகளும் வரும் அத்தியாயங்களை ஒரே மூச்சில். பிறகு 49, 61. அதற்குப் பிறகு முதலிலிருந்து முழுதாக.

செங்காந்தள்:

அந்த வரிசையில் ஃபிலியின் 4, 30 இரண்டையும் சேருங்கள். தாலேஸின் மகள் ஹூலி என்ன ஆனாள் என்று தெரியாமல் விடாதீர்கள்.