நார்மலைஸ் கட்டளைக்கு 'உச்சம் பொருத்து'

வணக்கம். ரெக்கார்டர் என்ற ஒலிப்பதிவுச் செயலியில் உள்ள 'நார்மலைஸ்' என்ற கட்டளைக்குத் தமிழ்ச் சொல்லாக இதுவரை இயல்பாக்கம், ஒலிச்சமனாக்கம் என்று இரண்டு பரிந்துரைகள் வந்திருக்கின்றன. இரண்டும் வேண்டாம் என்பது என் கருத்து. எங்கள் மொட்டைமாடி அறையில் நடந்ததைச் சொன்னால் காரணம் புரியும்.

வியாசர்பாடியில் நாங்கள் நாலைந்து பேர் கானா பதிவு செய்கிறோம். டிஜிட்டலில் 0 டெசிபல்தான் கூரை. போன வாரம் பாடிய தம்பியின் குரல் எவ்வளவு உரத்துப் பாடியும் −13ஐத் தாண்டவில்லை. டோலக் டிராக்கிலோ ஒரே ஒரு அடி −1 வரை போய்விட்டது, மற்ற அடிகள் எல்லாம் வெகு கீழே. இரண்டையும் −1க்கு நார்மலைஸ் செய்தோம், அதாவது ஒவ்வொன்றின் உச்சமும் −1ஐத் தொடும்படி வைத்தோம். குரல் 12 டெசிபல் ஏறியது, அதாவது வீச்சு ஏறத்தாழ 4 மடங்கு. மின்விசிறி இரைச்சலும் கூடவே அதே 4 மடங்கு ஏறியது. டோலக் இம்மியும் நகரவில்லை. "சமன் பண்ணியாச்சுன்னு சொன்னீங்களேண்ணா, டோலக் இன்னும் கேக்கலையே" என்றான் தம்பி. அவன் கேட்டது நியாயம். சொல்தான் அவனை ஏமாற்றியது.

கருவி செய்வது இவ்வளவுதான்: டிராக்கின் மிக உயர்ந்த புள்ளியைத் தேடுகிறது, அது குறித்த அளவைத் தொட எவ்வளவு வேண்டுமோ அதை டிராக் முழுவதற்கும் ஒரே சீராகக் கொடுக்கிறது. கணேசபுரம் சுரங்கப்பாதைக்குள் லோடு வண்டி நுழைவதை நினைத்துப் பாருங்கள். எத்தனை மூட்டை இருந்தாலும் எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும் ஒன்றுதான் கணக்கு. சன்னமான இடத்துக்கும் உரத்த இடத்துக்கும் இருந்த இடைவெளி அப்படியே இருக்கிறது, எதுவும் சமமாகவில்லை. தவிர, 'சமனாக்கி' என்றால் தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர் என்று பலரும் எழுதிப் பழகிவிட்டோம். இயல்பாக்கம் தரவுத்தளக்காரர்களிடமே இருக்கட்டும், அங்கே அதன் பொருளே வேறு.

முதலில் கொத்தனாரின் ரசமட்டத்தை வைத்து 'மட்டமாக்கல்' என்று யோசித்தேன். ஆனால் எங்கள் பக்கம் மட்டம் என்றால் தரம் கெட்டது. பாடுகிறவன் தன் பாட்டுக்கு அந்தப் பொத்தானை அழுத்த மாட்டான்.

அதனால் என் பரிந்துரை: உச்சம் பொருத்தல். திரையில் 'உச்சம் பொருத்து'.

இதில் இன்னொரு வசதியும் உண்டு. உச்சத்தை விட்டு, காதுக்கு எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதை அளந்து பொருத்தும் முறை ஒன்று இருக்கிறது. அந்த அளவீட்டை ஐடியு என்ற பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006இல் பிஎஸ்.1770 என்று வகுத்தது. அதை வைத்து ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010இல் ஆர் 128 பரிந்துரையில் −23 எல்யுஎஃப்எஸ் (உரப்பை அளக்கும் அலகு) என்ற இலக்கை வைத்தது. பள்ளிப் பாடத்திலேயே 'உரப்பு' இருக்கிறது, எனவே அது உரப்புப் பொருத்தல். டோலக் விஷயத்தில் தம்பி எதிர்பார்த்தது இதைத்தான். குறித்த அளவுக்கு மேலே போகும் ஒலியை அடக்கும் லிமிட்டருக்கு, படி அரிசியை அளக்கும்போது சொல்வோமே, அந்தத் 'தலைதட்டல்' பொருந்தும். அதைத் தனியாகப் பேசலாம்.

'உச்சமேற்றல்' என்றால் எளிதாக இருக்குமே என்று கேட்பீர்கள். −0.2இல் நிற்கும் டிராக்கை −1க்கு நார்மலைஸ் செய்தால் ஒலி இறங்கும். ஏற்று என்று எழுதிய பொத்தான் அங்கே பொய் சொல்லும். பொருத்து என்றால் ஏறினாலும் சரி, இறங்கினாலும் சரி.