நாடகத் தட்டி முறுக்கிக்கொள்கிறது, துணியும் தொய்கிறது: எங்கே தப்பு?

அரங்கன்_புதுசு:
கல்லூரி நாடகத்துக்கு 8 அடி உயரம், 4 அடி அகலத்தில் ஆறு தட்டி (மரச்சட்டத்தில் துணி அடித்து வண்ணம் பூசும் காட்சி மறைப்பு) வேண்டும். மூன்றங்குல ரீப்பரில் காடா துணி அடித்து ஒன்று செய்து பார்த்தோம். இரண்டே நாளில் சட்டம் முறுக்கிக்கொண்டது, துணி நடுவில் தொய்கிறது. மேடைத் தரையில் ஆணி அடிக்கவும் அனுமதி இல்லை. காட்சி மாற்ற 40 நொடிதான். முதலிலிருந்து சொல்லித்தாருங்கள்.

இழைப்புளி:
முறுக்குக்குப் பெரும்பாலும் பச்சை மரம்தான் காரணம். ஈரம் காயக் காய ரீப்பர் திரும்பும், எத்தனை திருகு போட்டாலும் அடங்காது. கடையிலேயே ஒவ்வொன்றையும் ஒரு கண்ணை மூடி நுனியிலிருந்து நீளவாக்கில் பாருங்கள். வளைவோ பெரிய கணுவோ தெரிந்தால் ஒதுக்கிவிடுங்கள். காய்ந்த பைன் போதும்.

மேல், கீழ்க் குறுக்குச் சட்டங்கள் முழு 4 அடி. நெடுஞ்சட்டம் இரண்டும் அவற்றின் நடுவே உட்காருவதால் 7 அடி 6 அங்குலம். நடுக்குறுக்கு 3 அடி 6 அங்குலம். சாய்வுச் சட்டம் இரண்டு, தலா சுமார் 3 அடி, இரண்டும் ஒரே பக்க நெடுஞ்சட்டத்தோடு சேரவேண்டும். தட்டி ஒன்றுக்கு ஏறக்குறைய 33 அடி ரீப்பர். இழைத்த ரீப்பர் மூன்றங்குலத்துக்குக் குறைவாக இருக்கும், அளந்த பிறகே வெட்டுங்கள்.

புதிதாகச் செய்பவர்கள் நெடுஞ்சட்டத்தைத் தரைவரை இறக்கிவிடுவார்கள். தட்டியை இழுக்கும்போது அதன் வெட்டுமுனை தரையில் தட்டிப் பிளக்கும். தரையில் தேய வேண்டியது குறுக்குச் சட்டம்தான்.

மூலைக்கு 6 மி.மீ. பிளைவுட்டில் 10 அங்குல முக்கோணம், ஃபெவிகால் தடவி ஓரங்குலத் திருகு. பிளைவுட்டின் ரேகை இணைப்புக்குக் குறுக்கே ஓடவேண்டும், இல்லாவிட்டால் அதே கோட்டில் ஒடியும். வெளி ஓரத்திலிருந்து ஓரங்குலம் உள்ளே தள்ளிப் பொருத்தினால்தான் இரண்டு தட்டி செங்கோணமாகச் சேரும்போது இடைவெளி விழாது. திருகுமுன் இரண்டு மூலைவிட்டமும் 8 அடி 11⅓ அங்குலம் வருகிறதா என்று பாருங்கள். அது சரியாக வந்தாலும், மேடுபள்ளமான தரையில் கிடத்தி அடித்தால் முறுக்கு அப்படியே பூட்டிக்கொள்ளும்.

காடாத்துணி:
துணியைத் துவைக்காமல் அடியுங்கள், அந்தச் சுருக்கம்தான் நமக்கு வேண்டியது. பாலியஸ்டர் கலந்தது சுருங்காது. ஒவ்வொரு பக்கமும் நடுவில் தொடங்கி மூலை நோக்கி ஸ்டேபிள் போடுங்கள். உள்ளங்கையால் அழுத்தினால் ஓரங்குலம் உள்ளே போகுமளவு தளர்வாக விடுங்கள். பிறகு ஒரு பங்கு ஃபெவிகாலுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து பூசினால், காயும்போது மத்தளத் தோல் போல விறைத்துவிடும். முதலிலேயே இறுக்கி இழுத்தால் சுருங்கும் துணி நெடுஞ்சட்டத்தை உள்ளே வளைத்துவிடும். நடுக்குறுக்கில் துணியை ஒட்டவே கூடாது, வெளிச்சத்தில் பட்டையாகத் தெரியும். ஹாலஜன் விளக்குக்கும் துணிக்கும் குறைந்தது 3 அடி இடம் விடுங்கள்.

திரைமறைவு:
ஆணி இல்லாமல் நிற்க முக்கோண முட்டு செய்யுங்கள்: உயரம் 6 அடி, அடிப்பாகம் 3 அடி. கீல் போட்டு நெடுஞ்சட்டத்தில் மாட்டி, பின்நுனியில் 10 முதல் 15 கிலோ மணல் மூட்டை. முட்டின் அடி தரையிலிருந்து கால் அங்குலம் மேலே இருக்கட்டும். தட்டி பின்பக்கம் லேசாகச் சாய்ந்து எடையை முட்டில் போடும், ஆட்கள் மேல் விழாது.

தட்டிக்கு ஓர் ஆள். முன்னால் போகிற நெடுஞ்சட்டத்தை மட்டும் பிடிக்கவேண்டும், ஒரு கை தலைக்கு மேல், மற்றது இடுப்பளவில். முன்முனையைச் சற்றே தூக்கி, பின்முனை தரையில் வழுக்கி வரும்படி நடந்தால் போதும். இடம் குறிக்கக் காட்சிக்கு ஒரு நிற டேப்பை இரு மூலைகளில் ‘ட’ வடிவில் ஒட்டுங்கள். விளக்கு அணையுமுன் ஒரு கண்ணை மூடி வைத்திருந்தால் இருட்டில் அந்தக் கண் உடனே வேலை செய்யும்.

அரங்கன்_புதுசு:
மிக்க நன்றி. ஆறுக்கும் தனித்தனி முட்டு வேண்டுமா?

இழைப்புளி:
வேண்டாம். இரண்டிரண்டாகக் கீல் போட்டுப் புத்தகம்போலத் திறந்து வைத்தால் தானே நிற்கும். கீலை வண்ணப் பக்கத்தில் போட்டு, மேலே ஐந்தங்குலக் காடா பட்டை ஒட்டி அதே வண்ணம் அடித்துவிடுங்கள். மடக்கும்போது வண்ணப் பக்கம் உள்ளே போய்விடும், வேனில் ஏற்றும்போது உரசாது.