நாய் வண்டிகள் மேல் பாய்கிறது, அவசர உதவி தேவை

சாட்ஸ்வொர்த்_மகன் (வியாழன் இரவு)
வணக்கம். வெளியே கூட்டிப்போனால் எங்கள் நாய் போகிற வண்டி மேலெல்லாம் பாய்கிறது. நேற்று அம்மாவை இழுத்துத் தள்ளிவிட்டது, முழங்கையில் நான்கு தையல். சனி, ஞாயிறு நான் ஊரில் இல்லை, அம்மாதான் கூட்டிப்போக வேண்டும். என்ன செய்தால் நிற்கும்? சீக்கிரம் சொல்லுங்கள்.

மலர்_ஃபீனிக்ஸ்
அம்மாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது? தம்பி, நீங்கள் எழுதியதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நாய்க்கு என்ன வயது, எவ்வளவு எடை? கழுத்துப்பட்டையா, மார்பைச் சுற்றிப் போடும் ஹார்னஸா? எல்லா வண்டிக்குமா, சிலவற்றுக்கு மட்டுமா?

கடற்கரை_ஓட்டம்
தெம்பு மிஞ்சிப்போயிருக்கும். அதிகாலையில் ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். எங்கள் லாப்ரடார் மணலில் ஓடிவிட்டு வந்தால் பக்கத்தில் லாரி போனாலும் தலையைத் தூக்காது.

பழைய_கை
இதே கேள்விக்கு நான் பத்து தடவையாவது பதில் எழுதியிருப்பேன். தேடிப் படிக்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. 30 வருடமாக ஜெர்மன் ஷெப்பர்டு வளர்க்கிறேன், கேட்டுக்கொள் தம்பி: வீட்டில் தலைவன் யார் என்று உன் நாய்க்குத் தெரியவில்லை. இறுக்குச் சங்கிலி போட்டு, பாயும் நொடியில் சுண்டி இழு. மூன்றே நாளில் சரியாகிவிடும்.

சாட்ஸ்வொர்த்_மகன்
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். பெண் நாய், 2 வயது, கலப்பு, 24 கிலோ. கழுத்துப்பட்டைதான். 5 மீட்டர் வரை நீளும் சுருள் கயிறு. யோசித்துப் பார்த்தால் எல்லா வண்டியும் இல்லை, டாக்சி மட்டும்தான். ஹார்ன் அடித்தால் இன்னும் மோசம்.

அடையாறு_வாசி
டாக்சிக்கும் காருக்கும் வித்தியாசம் நாய்க்கு எப்படித் தெரியும்?

மலர்_ஃபீனிக்ஸ்
தென்னாப்பிரிக்காவில், எங்கள் டர்பனில் டாக்சி என்றால் 15 பேர் ஏறும் மினிபஸ். ஆள் பிடிக்க வழியெல்லாம் ஹார்ன் அடிக்கும், சட்டென்று ஓரத்தில் வந்து நிற்கும். அந்த உருவமும் சத்தமும் நாய்க்கு நன்றாகவே தெரியும். தம்பி, வீட்டு வாசலிலேயே டாக்சி போகுமா? பகலில் நாய் எங்கே இருக்கும்?

சாட்ஸ்வொர்த்_மகன்
ஆமாம் அக்கா, எங்கள் தெருவில்தான் போகும். கம்பி கேட். டாக்சி வந்தால் வேலி நெடுக ஓடிக் குரைக்கும். வீட்டுக்குக் காவல்தானே என்று விட்டுவிட்டோம்.

மலர்_ஃபீனிக்ஸ்
அந்த வேலியில்தான் அது பழகுகிறது. டாக்சி எப்படியும் தன் வழியில் போய்விடும். நாய்க்கோ, நான் குரைத்தேன், அது ஓடிவிட்டது என்றுதான் தோன்றும். ஒரு நாளில் ஐம்பது தடவை ஜெயித்த நாய் தெருவுக்கு வந்ததும் சும்மா இருக்குமா? முதலில் கேட்டின் கீழ்ப்பாதியை நிழல்வலையோ பலகையோ வைத்து மறையுங்கள். முடிந்தால் பகலில் பின்முற்றத்தில் விடுங்கள்.

அப்புறம் பயிற்சி. டாக்சி கண்ணுக்குத் தெரிய வேண்டும், ஆனால் நாய் பதறாத தூரம் வேண்டும். அது 40 மீட்டரோ 80 மீட்டரோ, நாய்தான் சொல்லும். திறந்த திடல் ஒன்றின் மறுகோடியில் நில்லுங்கள். டாக்சி தெரிந்ததும் வேகவைத்த கோழி ஈரலைத் துண்டு துண்டாகக் கொடுங்கள். டாக்சி மறைந்ததும் நிறுத்திவிடுங்கள். முதலில் டாக்சி, பிறகுதான் ஈரல். இந்த வரிசை மாறினால் ஈரல் பையைக் கண்டாலே டாக்சி வரப்போகிறது என்று பதறத் தொடங்கும். ஈரலை வாங்க மறுத்தால் கிட்டே வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம், பின்னால் போங்கள். பல வாரம் ஆகும். சுருள் கயிற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு, 2 மீட்டர் சாதாரணக் கயிறும் மார்புப் பக்கம் வளையம் உள்ள ஹார்னஸும் வாங்குங்கள். பாய்ந்தாலும் உடம்பு பக்கவாட்டில் திரும்பிவிடும், அவ்வளவு வலு இருக்காது.

இந்தச் சனி, ஞாயிறு அம்மா தெருவுக்கே போக வேண்டாம். இரண்டு நாள் நடக்காவிட்டால் நாய்க்கு ஒன்றும் ஆகாது. சாப்பாட்டைப் புல்லில் தூவிவிட்டால் மோப்பம் பிடித்துத் தேடியே களைத்துவிடும்.

மேரிட்ஸ்பர்க்_அண்ணன்
மலர் சொன்னதைச் செய்யுங்கள். நானும் ஒரு காலத்தில் சங்கிலி போட்டுத்தான் பழக்கினேன். டாக்சி வந்தாலே கழுத்து வலிக்கும் என்று கற்றுக்கொண்டு, என் நாய் முன்னிலும் அதிகமாகச் சீறியது. அந்த நாயை நினைத்தால் இன்றும் மனசு வலிக்கிறது. தலைவன் பேச்சையும் விடுங்கள், அது ஓநாய்க் கூட்டத்தை வைத்துச் சொன்னது. ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச் 1999இல் எழுதிவிட்டார்: காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தந்தை, பிள்ளைகள் சேர்ந்த குடும்பம், பதவிச் சண்டை அல்ல.

பழைய_கை
கட்டுரை படித்து நாய் வளர்க்க முடியாது. கட்டளையையாவது ஒழுங்காகக் கொடுக்கிறார்களா என்று கேளுங்கள்.

சாட்ஸ்வொர்த்_மகன்
அம்மா "இரு" என்பார். என் மகன் "ஸ்டே" என்பான். உதவிக்கு வருகிற அக்கா ஜூலுவில் "ஹ்லாலா" என்பார்.

பழைய_கை
இதோ, நோய் தெரிந்துவிட்டது. நாய்க்கு ஆங்கிலம்தான் சரி. சின்னச் சொல், கூர்மையான ஒலி.

டர்பன்_பேத்தி
"இரு" என்பதை விடச் சின்னச் சொல் வேண்டுமா ஐயா? 1860இல் ட்ரூரோ கப்பலில் முதல் இந்திய ஒப்பந்தக் கூலிகள் மதராஸிலிருந்து வந்து இறங்கிய ஊர் இது. எங்கள் வீட்டில் மிச்சமிருக்கும் தமிழ் வா, போ, இரு, தண்ணி, சோறு, அவ்வளவுதான். அதை நாயிடமும் பேசக்கூடாது என்றால் எப்படி?

பழைய_கை
நான் தமிழுக்கு எதிரி இல்லை அம்மா. பயிற்சியைப் பற்றிப் பேசுகிறேன்.

அடையாறு_வாசி
எங்கள் தெருவில் எல்லா நாய்க்கும் ஆங்கிலத்தில்தான் கட்டளை. ஏன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

டர்பன்_பேத்தி
உங்களுக்கு வெளியே போனால் தெருவெல்லாம் தமிழ். எங்களுக்கு அப்படியா?

மேரிட்ஸ்பர்க்_அண்ணன்
எந்த மொழியானாலும் நாய்க்கு ஒன்றுதான், வீட்டில் எல்லோரும் அதே சொல்லைச் சொல்ல வேண்டும். தம்பி, கடைசியாக ஒன்று. ஈரல் வதக்கும்போது வெங்காயம், பூண்டு சேர்க்காதீர்கள், நாய்க்கு விஷம். வெறிநோய்த் தடுப்பூசி அட்டையையும் பாருங்கள். நம் மாகாணத்தில் அந்த நோய் இருக்கிறது, பாய்கிற நாய் யாரையாவது பிறாண்டினால் முதல் கேள்வி அதுதான்.

சாட்ஸ்வொர்த்_மகன் (மூன்று வாரம் கழித்து)
தாமதத்துக்கு மன்னியுங்கள். கேட்டில் வலை கட்டியாச்சு, வீட்டில் குரைப்பது நன்றாகக் குறைந்திருக்கிறது. திடலில் 60 மீட்டரில் டாக்சியைப் பார்த்ததும் திரும்பி என் கையைப் பார்க்கிறது. 30 மீட்டரில் இன்னும் பாய்கிறது. சொல் "இரு" என்று முடிவாகிவிட்டது. அம்மாவுக்குத் தையல் பிரித்தாகிவிட்டது. நன்றி மலர் அக்கா.

கடற்கரை_ஓட்டம்
எங்கள் தங்கை வீட்டு நாய் மோட்டார் சைக்கிளுக்கு மட்டும் இப்படிச் செய்கிறது. அதற்கும் இதே முறைதானா?