இனுவிட் ஊர்களின் கடல்பனிப் பாதைகள்: தட்பவெப்பமா, பயணியின் திறனா?

நெய்தல்:
கனடாவின் வடகோடியில், இனுவிட் என்னும் தொல்குடியினர் பெரும்பான்மையாக வாழும் நுனாவுட் பகுதியில் உள்ள 25 ஊர்களுள் ஒன்றைக்கூடத் தெற்கோடு இணைக்கும் சாலை கிடையாது. கோடையில் படகு, குளிர்காலத்தில் உறைந்த கடலின்மேல் ஸ்னோமொபைல் என்னும் பனிமோட்டார் வண்டி, கட்டணம் கொடுக்க முடிந்தவர்களுக்கு விமானம் என்பதே அங்குள்ள போக்குவரத்து. கடல்பனி உருகுவதால் இவ்வூர்கள் துண்டிக்கப்படுகின்றன என்று பலரும் எழுதுகிறோம். ஆனால் ஜேம்ஸ் ஃபோர்டு குழுவினர் 2019இல் நேச்சர் கிளைமேட் சேஞ்ச் இதழில் வெளியிட்ட ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது. 16 இனுவிட் ஊர்களின் நிலம், நீர், பனி வழிகளை 1985 முதல் 2016 வரை கணக்கிட்டபோது, வெப்பநிலை 2 டிகிரிக்கு மேல் உயர்ந்திருந்தும், பயணம் செய்யத்தக்க நாள்கள் வழியின் வகைக்கேற்ப 1.38 முதல் 1.96 நாள் வரை கூடியே இருந்தன. பயணியின் அறிவு, கருவிகள், எவ்வளவு இடரை ஏற்கத் துணிகிறார் என்பவை தட்பவெப்பத்தைவிடப் பெரிதும் முக்கியமானவை என்றும் அக்குழு கண்டது. எனவே பயிற்சிக்கும் எரிபொருளுக்கும் நல்ல வண்டிகளுக்கும்தான் முதலில் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் வாதம்.

வடமீன்:
நெய்தல் அவர்களே, ஆய்வைச் சரியாகவே எடுத்துரைத்திருக்கிறீர்கள்; அதிலிருந்து நீங்கள் வந்தடையும் முடிவைத்தான் ஏற்க இயலவில்லை. ஓராண்டில் எத்தனை நாள்கள் போகலாம் என்பது ஒரு கேள்வி. இன்று காலை இந்த நீரிணையைக் கடக்கலாமா என்பது முற்றிலும் வேறு கேள்வி. உயிர் போவது இரண்டாவதில்தான்.

கனடாவின் கிழக்கே லாப்ரடோர் கரையில் உள்ள நெயின் என்ற இனுவிட் ஊரைப் பாருங்கள். 2009-10 குளிர்காலம் வழக்கத்துக்கு மாறான வெப்பத்தோடு வந்தபோது, பழகிய தடங்களிலேயே பனி மெலிந்து கிடந்தது. அதன்பின் அங்கு எடுக்கப்பட்ட கணக்கெடுப்பில், ஏறத்தாழப் பன்னிரண்டு பேரில் ஒருவர் அக்குளிர்காலத்தில் பனி உடைந்து நீரில் விழுந்ததாகத் தெரிவித்தனர். அவர்கள் பனியை அறியாதவர்கள் அல்லர்.

பனி மெலிவதற்குக் காற்றின் வெப்பம் மட்டும் காரணமன்று என்பதையும் கவனிக்க வேண்டும். கடல் உறைந்தவுடனேயே அதன்மேல் பொழியும் வெண்பனி கம்பளிபோல் மூடிக் குளிரைக் கீழே இறங்க விடாது. அடியில் பனிக்கட்டி தடிப்பதும் மந்தமாகிவிடும். பொழிவு மிகுந்தால் அதன் எடையால் பனித்தளமே அமிழ்ந்து, விரிசல் வழியாகக் கடல்நீர் மேலேறி, மேலே வெள்ளையாகவும் உள்ளே சேறாகவும் ஆகிவிடும். அதில் இறங்கிய வண்டி அசையாது. குறுகிய நீரிணைகளிலோ, வெளியே -30 டிகிரி இருந்தாலும், விரையும் நீரோட்டம் பனியை அடியிலிருந்து அரித்துக்கொண்டிருக்கும். மேலிருந்து பார்ப்பவருக்கு இவற்றுள் எதுவும் தெரியாது.

நெய்தல்:
நெயின் எடுத்துக்காட்டு என் வாதத்துக்கே துணை செய்கிறது. அந்தக் குளிர்காலத்தின் பட்டறிவிலிருந்துதான் ஸ்மார்ட்ஐஸ் என்ற முயற்சி பிறந்தது. ஸ்னோமொபைலின் பின்னே இழுத்துச் செல்லும் சறுக்குவண்டியில் ஒரு மின்காந்த உணரியை ஏற்றுகிறார்கள். உப்புநீர் மின்சாரத்தை நன்கு கடத்தும், பனிக்கட்டி அவ்வளவாகக் கடத்தாது. இந்த வேறுபாட்டைக் கொண்டு, துளையிடாமலேயே பனியின் தடிப்பை வழிநெடுக அளந்துவிடலாம். வண்டியை ஓட்டுபவரும், எந்தத் தடத்தில் அளப்பது என்று முடிவு செய்பவரும் உள்ளூர்க்காரர்கள். தடிப்பை அளக்கப் பனியில் பதிக்கும் மிதவைகளை நெயின் இளைஞர்களே பயிற்சி பெற்றுப் பொருத்துகிறார்கள். தட்பவெப்பத்தை மாற்ற நெயின் மக்களால் இயலாது. இதை அவர்களால் செய்ய முடிந்திருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாய்கள் வண்டி இழுத்த காலத்தில் மெல்லிய பனியை உணர்ந்து முன்னே ஓடும் நாய் நின்றுவிடும். ஸ்னோமொபைல் நிற்காது, ஜிபிஎஸ் காட்டும் நேர்கோடு கீழே இருக்கும் நீரோட்டத்தை அறியாது. இரும்புமுனைக் கோலால் குத்திப் பார்த்து நடக்கும் பழக்கம் இளையவர்களிடம் குறைந்ததற்கு வெப்பநிலையைக் காரணம் காட்ட முடியாது.

கதிரொளி:
இருவரும் கனடாவிலேயே நின்றுவிட்டீர்கள். பெரிங் நீரிணையில் அலாஸ்காவுக்கு உரிய லிட்டில் டயமீட் தீவு செங்குத்தான பாறை. விமானம் இறங்கச் சமதரையே இல்லை. முன்பு குளிர்காலத்தில் கடல்பனியைச் செதுக்கி ஓடுதளம் அமைத்தார்கள். அண்மைக் குளிர்காலங்கள் பலவற்றில் அதற்கேற்ற உறுதியான பனி அமையவில்லை. ஹெலிகாப்டரை மட்டுமே நம்ப வேண்டியிருக்கிறது. இங்கு எந்தப் பயிற்சியும் உதவாது.

நெய்தல்:
டயமீட் பற்றிய கருத்தை ஏற்கிறேன், கதிரொளி. அங்கு உறுதியான பனியே அமைவதில்லை; கனடாவின் தீவுக்கூட்டத்திலோ குளிர்காலத்தில் பனி இன்னும் இருக்கிறது, அதைப் படிப்பதுதான் கடினமாகியிருக்கிறது. இரண்டுக்கும் ஒரே மருந்து பொருந்தாது. 2019 ஜூனில் வடமேற்கு கிரீன்லாந்தில், நாய்கள் கடல்மேல் நடப்பதுபோல் நீரில் ஓடிய படம் உலகெங்கும் பரவியது. அந்த உருகுநீருக்கு அடியில் ஒரு மீட்டருக்கு மேல் தடித்த பனி இருந்தது. அதை அறிந்துதான் வேட்டைக்காரர்கள் அவ்வழியே வண்டியைச் செலுத்தினார்கள்.

வடமீன்:
அவர்கள் எதை வைத்து அறிந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். எந்த மாதத்தில் எந்த வளைகுடா உறையும், எந்தக் காற்றுக்குப் பிறகு பனியின் விளிம்பு உடையும் என்று தலைமுறைகளாகக் கண்டுவைத்த ஒழுங்குதான் அந்த அறிவுக்கு அடிப்படை. அந்த ஒழுங்கு குலையும்போது, திறமை மிக்க முதியவரின் கணிப்பும் தவறிப்போகும். ஆகவே அறிவையும் தட்பவெப்பத்தையும் இரண்டு தனித்தனிக் காரணிகளாக நிறுத்தி எது பெரிது என்று எடைபோடும் முறையிலேயே எனக்கு உடன்பாடில்லை.

உங்கள் பரிந்துரையை நான் எதிர்க்கவில்லை. எரிபொருளுக்கும் பயிற்சிக்கும் பணம் வேண்டும். ஆனால் இலையுதிர் காலத்தில் கடல் உறையத் தொடங்கும் வாரங்களில் படகும் செல்லாது, ஸ்னோமொபைலும் செல்லாது. அவ்வாரங்கள் நீண்டுகொண்டே போனால் வேட்டை இறைச்சி வீட்டுக்கு வராது, விமானத்தில் வரும் விலையுயர்ந்த உணவைத்தான் கடையில் வாங்க வேண்டும். அந்த இடைவெளிக்கு உங்கள் திட்டத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கிறேன்.

நெய்தல்:
விமானக் கட்டணத்துக்கும் சரக்குக்கும் மானியம் தருவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. அந்த வாரங்களுக்காவது அதை உரிமையாகவே வழங்க வேண்டும்.