சனிக்கிழமை வீடு கட்டப் போகிறவர்கள் கவனத்துக்கு: அந்தக் கையெழுத்து எதற்கு?

உறவுகளுக்கு வணக்கம்.

டாலஸ் தம்பி போன வாரம் கேட்டிருந்தார்: "லீவு நாளில் போய் வெயிலில் நின்று யாரோ ஒருவர் வீட்டுக்கு டிரைவால் (சுவர்ப் பலகை) அடித்துக் கொடுக்கிறோம். அதுக்குப் போய் வந்த நேரம், போன நேரம், கையெழுத்து எல்லாம் எதுக்கு? சம்பளமா கேட்டோம்?" டொராண்டோ பெரியப்பாவும் அதற்கு ஆமாம் போட்டிருந்தார். அப்படி வீடு கட்டிக் கொடுக்கும் தொண்டு நிறுவனம் ஒன்றில் கணக்கு எழுதுகிறவன் என்பதால் நானே பதில் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 'ஹோம்' என்று ஒரு வீட்டு மானியத் திட்டம் நடக்கிறது. மத்திய அரசின் பணம் மாநிலங்களுக்கும் நகராட்சிகளுக்கும் வரும். வீட்டுக்காக அதில் எடுக்கிற ஒவ்வொரு டாலருக்கும் அவர்கள் தங்கள் பங்காக 25 சென்ட் காட்ட வேண்டும். இதைத்தான் 'மேட்ச்' என்கிறோம். நொடித்துப்போன ஊர்களுக்கு இதில் பாதியோ முழுதுமோ தள்ளுபடி உண்டு. மற்றவர்கள் அக்டோபர் முதல் செப்டம்பர் வரையிலான நிதியாண்டுக்குக் கணக்குக் காட்டியே ஆக வேண்டும். ஆனால் அந்தப் பங்கு ரொக்கமாகத்தான் வர வேண்டும் என்பதில்லை. மனை, மரம், ஜன்னல், நகராட்சி வேண்டாம் என்று விட்ட கட்டணம், உங்கள் உழைப்பு, எல்லாம் செல்லும்.

கணக்குப் போட்டே பார்ப்போம். பழகாத கை செய்யும் வேலைக்கு மணிக்கு 10 டாலர் என்று 1997இல் வந்த வழிகாட்டி சொல்கிறது (இன்றைய விகிதத்தை உங்கள் நகர வீட்டு வசதி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்). நம்மவர்கள் 20 பேர் ஆளுக்கு 6 மணி நேரம் நின்றால் 1,200 டாலர். அது 4,800 டாலர் மானியத்துக்கு ஈடு. நீங்கள் கையெழுத்துப் போடாமல் கிளம்பினால் உழைப்பு வீட்டில் இருக்கும், கணக்கில் இருக்காது. அந்த 1,200ஐ நகராட்சி வேறு எங்கேயாவது தேட வேண்டும்.

நம் ஊர்க் கல்யாணத்தில் மொய் எழுதுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். பெயர், ஊர், தொகை எல்லாம் கொடுக்கிறவர் எதிரிலேயே, அந்த நிமிடமே நோட்டில் ஏறும். மறுநாள் உட்கார்ந்து ஞாபகத்தில் எழுதிய மொய் நோட்டை யாராவது நம்புவோமா? தணிக்கைக்கு வருகிறவரும் அப்படித்தான் பார்க்கிறார். ஒரே பேனா, ஒரே கையெழுத்து, எல்லோருக்கும் நேராக எட்டு மணி நேரம் என்று ஒரு தாள் இருந்தால் அவர் அதைத் தனியே எடுத்து வைப்பார். தேதி, எந்த வீடு, என்ன வேலை, வந்த நேரம், போன நேரம், உங்கள் கையெழுத்து, அதன் கீழே தளப் பொறுப்பாளர் கையெழுத்து. இவ்வளவுதான் வேண்டும்.

விகிதத்தில் ஒரு வேடிக்கை உண்டு. நம் குழுவில் இருதய டாக்டர் ஒருவர் இருக்கிறார். அவர் பெயிண்ட் அடித்தால் காலேஜ் பையனுக்கு என்ன மதிப்போ அதே மதிப்புதான். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் ஒயரிங் செய்தால், வெளியே அவர் வழக்கமாக வாங்கும் கூலி கணக்கில் ஏறும். அதே ஆள் மதியத்துக்கு மேல் மண்வெட்டி பிடித்தால், மறுபடி அந்தப் பத்து டாலர்தான். ஆகவே ஒரே நாளில் இரண்டு வேலை பார்த்தவர் இரண்டு வரியாகப் பிரித்து எழுத வேண்டும்.

பொருள் கொடுக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் அண்ணன் மிச்சம் இருந்த ஜன்னல்களைத் தந்தார், சந்தோஷம். "சுமார் இரண்டாயிரம் பெறும்" என்று வாட்ஸ்அப்பில் சொன்னால் எனக்கு ஒன்றுக்கும் உதவாது. எத்தனை, என்ன அளவு, புதிதா பழையதா, கொடுத்த அன்று சந்தை விலை என்ன, அந்த விலைக்கு என்ன ஆதாரம் என்று கடைத் தாளில் வேண்டும். பாதி விலைக்குக் கொடுத்திருந்தால் விட்டுக்கொடுத்த பாதி மட்டும்தான் சேரும். மனையைத் தானமாகக் கொடுத்தால் சம்பந்தமில்லாத மதிப்பீட்டாளர் ஒருவர் மதிப்பிட வேண்டும், மனை மேல் கடன் இருந்தால் அது கழியும்.

சேராதவையும் உண்டு. வீட்டுக்காரர் கட்டும் முன்பணம் மேட்ச் ஆகாது. ஆனால் அவரே தன் வீட்டுக்காகச் சிந்தும் வியர்வையை, நகராட்சி தன் திட்டத்தில் அதற்கு முறையாக இடம் வைத்திருந்தால், எழுதிக்கொள்ளலாம். எனக்கு இதில் இருக்கும் நியாயம் பிடிக்கும். இன்னொரு மத்திய அரசு மானியத்துக்குக் காட்டிய மணி நேரத்தை இங்கே மறுபடி காட்டக் கூடாது. நம் அக்காமார் கொண்டு வரும் பிரியாணிக்கும் பட்டியலில் இடமில்லை. அதனால் நிறுத்திவிடாதீர்கள்!

வருமான வரி வேறு கதை. உங்கள் நேரத்துக்கு வரிக்கழிவு கிடையாது, மணிக்கணக்குத் தாளைக் கொண்டுபோய் ஆடிட்டரிடம் நீட்டாதீர்கள். கொடுத்த பொருளுக்குக் கழிவு கேட்கலாம். 250 டாலரும் அதற்கு மேலும் என்றால் எங்களிடம் எழுத்தில் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பொருள் தானத்துக்குக் கேட்கும் கழிவு மொத்தம் 500ஐத் தாண்டினால் தனிப் படிவம் இருக்கிறது.

"ஊரில் சித்தப்பா பிரதமர் வீட்டுத் திட்டத்தில் கட்டுகிறாரே, அங்கேயும் இப்படியா?" என்று தனி மடலில் ஒருவர் கேட்டார். அங்கே அமைப்பே வேறு. சமவெளியில் ஒரு வீட்டுக்குத் தரும் 1,20,000 ரூபாயை மத்திய, மாநில அரசுகள் 60க்கு 40 என்று பிரித்துக்கொள்கின்றன. நாம் அனுப்பும் சிமென்ட் காசு யாருடைய பங்குக்கும் ஈடாகாது, அது சித்தப்பாவுக்கு நாம் செய்யும் உதவி, அவ்வளவுதான். நூறு நாள் வேலையில் சேர்த்துக் கொடுத்து வந்த 90 நாள் கூலிக்கு மட்டும் அங்கேயும் வருகைப் பதிவேடு இருந்தது.

சரி, காரியத்துக்கு வருவோம். ஹோம் பணத்தில் முடிந்த வீட்டின் தாள்களை ஐந்து வருடம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். ஆகவே போட்டோ எடுத்து அனுப்பினால் போதாது, அசல் தாள் தளத்திலேயே இருக்கட்டும். வரும் சனிக்கிழமை ஒயரிங் செய்யப் போகும் ஹூஸ்டன் மச்சான் மட்டும் உரிமத்தின் நகலையும், அண்மையில் வேறு வாடிக்கையாளருக்குப் போட்ட பில் ஒன்றையும் எடுத்துக்கொண்டு போகவும். பில்லில் அந்த வாடிக்கையாளர் பெயரை மறைத்துவிடலாம், மணிக்கூலி தெரிந்தால் போதும்.